பாண்டி, கடலூர் கைவினை விற்பனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு இரண்டு நாள் நடந்துவிட்டுத் திங்கட்கிழமை காணாமல் போகிற 'பாப்-அப்' கைவினை விற்பனைகளைப் பற்றி நண்பர்களும் சொந்தக்காரர்களும் வெளியூரிலிருந்து பாண்டிக்கு வருகிறவர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

பாப்-அப் என்கிறார்களே, அது வழக்கமான எக்ஸிபிஷன்தானே?

இல்லை. கல்யாண மண்டபத்தில் பத்து, பதினைந்து நாள் நடக்கிற 'அகில இந்தியக் கைத்தறி, கைவினைக் கண்காட்சி'யில் ஸ்டால் போடுபவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராகப் போகிற வியாபாரிகள். சகாரன்பூர் மரச்சாமான், குர்ஜா பீங்கான், பாகல்பூர் துணி எல்லாம் ஒரே லாரிச் சுற்றில் வந்து இறங்கும். 'மக்களின் பேராதரவால் மேலும் ஐந்து நாட்கள் நீட்டிப்பு' பேனரையும் முதல் நாளே அச்சடித்து வைத்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சரக்கு மட்டமானது என்று சொல்லவில்லை. குர்ஜாவும் சகாரன்பூரும் கைத்தொழிலுக்குப் பேர் போன ஊர்கள். ஆனால் ஸ்டாலில் நிற்பவருக்கு அந்தப் பொருளை யார் செய்தது என்று தெரியாது.

பாப்-அப் சின்னது. ஒரு கஃபேயின் முற்றம், பாண்டியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் ஒரு வீட்டுத் தாழ்வாரம், பள்ளிக்கூட ஹால் என்று எங்கேயாவது பத்து இருபது மேஜை போட்டிருப்பார்கள். மேஜைக்குப் பின்னால் நிற்பவர் அநேகமாகச் செய்தவரே, இல்லையென்றால் அவர் வீட்டு ஆள். விலை கடையை விடக் குறைவாக இருக்காது, அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். செய்த ஆளிடம் நேரில் பேசலாம், பட்டறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். நான் போவது அதற்காகத்தான். அன்றைக்கு ஒன்றுமே வாங்காமல் இரண்டு போன் நம்பரோடு திரும்பினாலும் போன காரியம் நடந்த மாதிரிதான்.

எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செய்தித்தாளில் வராது. இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான். ஒரு விற்பனைக்குப் போய்விட்டால் அடுத்தது தானாகத் தெரியவரும். அங்கே ஸ்டால் போட்ட நாலு பேரைப் பின்தொடர்ந்தால் போதும், அவர்களே அடுத்த தேதியைப் போடுவார்கள். கஃபே வாசல் நோட்டீஸ் பலகையையும் ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையம் பக்கத்துக் கடைகளில் ஒட்டியிருப்பதையும் நின்று படித்துவிட்டு வாருங்கள்.

தேதியே தெரியாமல் கிளம்புவது என்றால் கடற்கரைச் சாலைக்குப் போகலாம். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், நிதானமாக நடக்கலாம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் காந்தி திடல் கைவினைக் கடைகள் இருக்கின்றன. எல்லாமே உள்ளூர்ப் பொருள் என்று நம்பிவிட வேண்டாம், ஆனால் கண்ணைப் பழக்க நல்ல இடம். கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமமும் உண்டு.

எம்.ஜி. ரோடு ஞாயிறு சந்தையில் கைவினைப் பொருள் கிடைக்குமா?

துணி, செருப்பு, பாத்திரம், செல்போன் கவர் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். கைவினைக்காக அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் கடலூர். எல்லாவற்றுக்கும் பாண்டிக்குத்தான் பஸ் ஏறணுமா?

பாப்-அப் என்ற பெயரில் நடப்பது பாண்டியில்தான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் செய்கிற ஊர் என்று பார்த்தால் கடலூர் மாவட்டம் ஒன்றும் இளப்பமில்லை. வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடங்கள் இருக்கின்றன, அதற்கென்றே அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை என்று அங்கிருந்து போவதைப் பாண்டி ஸ்டால்களிலேயே பார்க்கலாம். பாண்டியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கடலூருக்குத் திரும்பக் கொண்டுவருவானேன்?

மகளிர் சுய உதவிக் குழுக்களின் விற்பனையையும் கவனியுங்கள். மகளிர் திட்டம் மூலம் நடக்கிற கண்காட்சிகளும், கல்லூரி வளாகத்திலேயே நடக்கும் 'கல்லூரிச் சந்தை'யும் அலங்காரம் குறைந்தவை. செல்ஃபி எடுக்கத் தோரணம் எதுவும் கிடையாது. ஆனால் பனையோலைப் பெட்டியைப் பின்னிய அக்காவே உட்கார்ந்து விற்பார், சும்மா இருக்கிற நேரத்தில் அடுத்த பெட்டியையும் பின்னிக்கொண்டிருப்பார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடுகிற கடைகளிலும் பிளாஸ்டிக்குக்கு நடுவே மண் சொப்பும் மரச் சொப்பும் தேடினால் அகப்படும்.

எந்த மாதத்தில் வரலாம்?

நவராத்திரிக்கு முந்தைய சில வாரங்கள், பிறகு டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. அக்டோபர் கடைசியும் நவம்பரும் மழைக்காலம். திறந்த முற்றத்தில் போட்ட விற்பனை எந்த நேரமும் தள்ளிப்போகும், காகிதம், ஓவியம் வைத்திருப்பவர்கள் மேகம் கறுத்தாலே மூட்டை கட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மே மாதம் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

நிஜமாகவே இந்தப் பக்கத்துப் பொருள் என்று எதைச் சொல்லலாம்?

முதலில் வில்லியனூர் சுடுமண். சங்கராபரணி ஆற்றோரத்து ஊர். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, இரண்டுமே புதுச்சேரியைச் சேர்ந்தவை. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆளுயரக் குதிரையும் உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளையாரும் ஒரே மண்ணில் செய்கிற ஊர் என்பதால் ஸ்டாலில் சின்னதைப் பார்த்துவிட்டுப் பெரியதைப் பட்டறைக்கே போய்ப் பார்க்கலாம். திருக்கனூர்ப் பொம்மை கையில் எடுத்தாலே தெரியும், கனமே இருக்காது.

அடுத்து, உயர்வெப்பத்தில் சுட்டு மெருகிட்ட (கண்ணாடி போன்ற 'கிளேஸ்' பூச்சு) ஸ்டோன்வேர் கோப்பைகளும் கிண்ணங்களும். இதற்கு இங்கே பழைய பரம்பரை ஏதும் கிடையாது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் பாண்டியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களுமாகப் பரவியது. இன்று ஏதாவது ஒரு பாப்-அப்பில் சாம்பல் நீல மெருகோடு ஒரு டீ கோப்பையைப் பார்த்தால், அந்த வேர் வரை போகிற வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது காகிதம். அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதத் தொழிற்கூடம் 1959இலிருந்து இருக்கிறது. மரக்கூழ் இல்லாமல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்வது. நோட்டுப் புத்தகம், விளக்கு மூடி, தண்ணீரில் வண்ணம் மிதக்கவிட்டு எடுக்கிற மார்பிள் தாள் என்று பல வடிவில் வரும்.

இன்னொன்று விலைக்கு வராதது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனத்தில் மீனவப் பெண்கள் துண்டுத் துணியில் செய்யத் தொடங்கிய 'சுனாமிகா' என்ற கட்டைவிரல் அளவுப் பொம்மை. அதை விற்பதில்லை, கொடுப்பார்கள்; விரும்பினால் நன்கொடை தரலாம். யாராவது அதற்கு விலை ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கையால் செய்ததா, மெஷினில் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி: 'இதை எப்படிங்க செய்றீங்க?' செய்தவராக இருந்தால் நிறுத்தவே மாட்டார். மண் எங்கே எடுத்தது, எத்தனை நாள் காயவைத்தது, போன சூளையில் எத்தனை உடைந்தது என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். செய்யாதவர், 'ஃபுல்லா ஹேண்ட்மேட் சார், கேரண்டி' என்பதோடு முடித்துக்கொள்வார்.

அப்புறம் பொருளைத் திருப்பிப் பாருங்கள். பாதி உண்மை அடிப்பக்கத்தில்தான் இருக்கும். சக்கரத்தில் வனைந்ததைக் கம்பியால் அறுத்து எடுப்பார்கள். அடியைச் சீவிச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கம்பியின் வளைந்த கோடுகள் அப்படியே தெரியும். உள்ளே விரல் விட்டுத் தடவினால் அடியிலிருந்து வாய் வரை சுற்றிச் சுற்றி ஏறுகிற மெல்லிய வரம்பு தட்டுப்படும். அச்சில் வார்த்தது என்றால் பக்கவாட்டில் நேர்க்கோடாக ஒரு பொருத்துத் தழும்பு இருக்கும். தேய்த்து மறைத்திருந்தாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். அச்சு என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. கொலு பொம்மையெல்லாம் அச்சில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டுவதுதான். சக்கரத்தில் செய்தது என்று சொல்லி அச்சுப் பொருளைத் தருவதுதான் ஏமாற்று.

இப்போது இன்னொரு தந்திரம் வந்திருக்கிறது. கோணல்மாணலாக இருந்தால் கைவேலை என்று மக்கள் நினைப்பதால் தொழிற்சாலையிலேயே கோணலாக வார்க்கிறார்கள். ஆறு கோப்பையை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆறும் ஒரே இடத்தில் கோணினால் அது மெஷின் கோணல்.

துணியில் கட்டை அச்சு என்றால் பின்பக்கமும் சாயம் இறங்கியிருக்கும், ஒரு அச்சு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் மயிரிழை இடைவெளியோ மேல்படிவோ இருக்கும். டிஜிட்டல் பிரிண்டில் முன்பக்கம் பளிச்சென்றும் பின்பக்கம் வெளுத்தும் கிடக்கும். கைத்தறித் துணியில் இரண்டு கரையோரமும் வரிசையாக ஊசித் துளைகளைத் தேடுங்கள். நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்கிற கட்டையின் முள் போட்டவை அவை. 2006இலிருந்து கைத்தறி முத்திரைச் சீட்டும் இருக்கிறது, ஆனால் சின்ன நெசவாளர் எல்லோரிடமும் அது இருக்காது. இல்லாததை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

காகிதம் என்றால் ஓரம். சல்லடைச் சட்டத்தில் கூழை அள்ளி எடுத்த தாளுக்கு நாலு பக்கமும் ஓரம் மெலிந்து பிசிறாக முடியும். ஸ்கேல் வைத்துக் கிழித்துப் பிசிறாக்கியதில் ஓரம் மெலியாது, நடுவில் இருக்கிற அதே தடிமன்தான்.

ஒரு டீ கோப்பைக்கு எழுநூறு ரூபாயா? பேரம் பேசலாமா?

எழுநூறு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பை எப்படி வந்தது என்று பாருங்கள். மண்ணைப் பிசைந்து காற்று போக்கி, சக்கரத்தில் ஏற்றி, பாதி காய்ந்ததும் அடியைச் சீவி, கைப்பிடி ஒட்டி, நாள் கணக்கில் நிழலில் காயவைக்க வேண்டும். வேகமாகக் காய்ந்தால் கைப்பிடி ஒட்டிய இடம் விரியும். பிறகு ஒரு சூளை, மெருகு பூச்சு, பிறகு 1200 டிகிரிக்கு மேல் இன்னொரு சூளை. சுட்டு முடியும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியிருக்கும். சூளையைத் திறக்கிற அன்றுதான் எத்தனை தேறியது என்றே தெரியும். உடைந்ததன் விலையும் உடையாததன் மேல்தான் ஏறும், வேறு வழியில்லை. இதோடு ஸ்டால் வாடகை வேறு.

அதனால் செய்தவரிடம் ஒற்றைப் பொருளுக்குப் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதே கையால் ஷாப்பிங் மாலில் ஸ்டிக்கர் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோமே! நாலைந்து சேர்த்து எடுத்தால், 'பார்த்துப் போட்டுக் குடுங்க' என்று சொல்வதில் தவறில்லை, அவர்களும் எதிர்பார்ப்பார்கள். கொஞ்சம் மெருகு ஓடிப்போன, சின்னப் புள்ளி விழுந்த 'செகண்ட்ஸ்' இருக்கிறதா என்று கேளுங்கள். மேஜைக்கு அடியில் ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் வெளியே வரும். என் சமையலறையில் தினம் புழங்குவது பாதி அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

வாங்கி விற்கிற வியாபாரியிடம் தாராளமாகப் பேரம் பேசுங்கள். அவர் விலையைச் சொல்லும்போதே உங்கள் பேரத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

மண் பாத்திரம், மெருகிட்ட பாத்திரம் எல்லாவற்றிலும் சாப்பிடலாமா?

அலங்காரத்துக்குச் செய்தது வேறு, சாப்பாட்டுக்குச் செய்தது வேறு. குறைந்த வெப்பத்தில் சுட்டுப் பளபளவென்று சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு பூசியிருந்தால் ஜாக்கிரதை. அந்த வகை மெருகில் ஈயமோ காட்மியமோ இருக்க வாய்ப்புண்டு, புளியும் எலுமிச்சையும் அதை இழுத்து வெளியே கொண்டுவரும். 'இதில் ரசம் ஊற்றலாமா?' என்று நேராகக் கேளுங்கள். செய்தவருக்கு என்ன பூசினோம் என்று தெரியும். பூச்சு இல்லாத சாதாரணச் சுடுமண் சட்டியில் சமைக்கலாம், ஆனால் முதலில் ஊறவைத்து, கஞ்சித் தண்ணீர் கொதிக்கவைத்துப் பழக்க வேண்டும். மேலே பெயின்ட் அடித்த சட்டி பூச்செடிக்கு.

சுண்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். கணீரென்றால் நன்றாகச் சுட்டது. சத்தம் அமுங்கி வந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம்.

ஓவியம் பிடித்திருக்கிறது. அசலா, பிரிண்டா?

பிரிண்ட் வாங்குவது தப்பே இல்லை, பிரிண்ட் விலைக்கு வாங்கினால். செல்போன் கேமராவை ஜூம் செய்து பாருங்கள். வண்ணம் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிந்தால் அச்சு. அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் என்றால் சாய்த்த வெளிச்சத்தில் தூரிகை மேடு தெரியும். சில பேர் கேன்வாஸில் அச்சடித்து மேலே பளபளப்பான ஜெல் தடவி மேடு உண்டாக்குவார்கள். அந்த மேடு படத்திலுள்ள கோட்டோடு ஒத்துப்போகாமல் தன் போக்கில் போகும். மூலையில் பென்சிலில் 12/50 என்று இருந்தால் ஐம்பது பிரதியில் பன்னிரண்டாவது என்று பொருள்.

தஞ்சாவூர் ஓவியம் என்று வைத்திருந்தால் ஒட்டியிருப்பது அசல் தங்க ரேக்கா (மெல்லிய தங்கத் தகடா) என்று கேட்டுவிட்டு பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

நம் கடற்காற்றுக்கு ஒரு வார்த்தை: காகிதத்தில் வரைந்ததைக் கண்ணாடியில் ஒட்டிச் சட்டம் போடாதீர்கள், நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும்.

சிப்பி, சங்கு, பவளத்தில் செய்தவை வாங்கலாமா?

பவளம், கடல்விசிறி, கடல்குதிரை: வேண்டாம். இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. ராட்சதச் சிப்பியின் சில வகைகள், நாட்டிலஸ், கொம்புச் சங்கு போன்ற பெரிய சங்குகளும் அப்படித்தான். விற்பவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் மாட்டுவார். கடற்கரையில் கிடக்கிற சாதாரணச் சோழி, சிப்பியில் கோத்த மாலைக்கு இந்தப் பயம் இல்லை. எது எது என்று தெரியாதவர்கள் கொட்டாங்கச்சிப் பக்கம் போய்விடுங்கள்.

கொலு பொம்மை எதைப் பார்த்து வாங்குவது?

மண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூன்றும் வண்ணம் பூசினால் ஒன்று போலவே இருக்கும். அடியில் வண்ணம் படாத இடத்தை நகத்தால் லேசாகக் கீறுங்கள்: சாக்பீஸ் பொடி மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் பிளாஸ்டர். முகத்தைப் பொறுமையாகப் பாருங்கள். செட்டில் எல்லாப் பொம்மைக்கும் கண் எழுதியது ஒரே கையாக இருந்தால் பார்வை ஒன்று போல இருக்கும், அவசரத்தில் நாலு பேர் எழுதியதில் ஒன்று மட்டும் மாறுகண்ணாக நிற்கும். வருஷா வருஷம் சேர்ப்பவர்கள் நவராத்திரி வாரத்தில் போகாமல் ஒரு மாதம் முன்பே போனால் நல்ல முகங்கள் கிடைக்கும்.

ஜிபே வாங்குவார்களா?

எல்லோரும் வாங்குவார்கள். ஒயிட் டவுன் பழைய வீடுகளின் தடிச் சுவருக்குள் சிக்னல்தான் வராது. கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சில்லறையாக.

நானும் வீட்டில் குரோஷே, எம்பிராய்டரி செய்கிறேன். ஸ்டால் போடலாமா?

போடலாம். முதலில் தனி மேஜை எடுக்காமல் தெரிந்தவரோடு பாதி மேஜை பகிர்ந்துகொள்ளுங்கள். ஏற்பாட்டாளர் கேட்பது நாள் வாடகையா, விற்பனையில் பங்கா, இரண்டுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை வந்து நிகழ்ச்சி ரத்தானால் பணம் திரும்ப வருமா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். நம் ஊரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. வாடகையை மட்டும் உயர்த்திக்கொண்டே போய், விளம்பரத்துக்கு ஒரு போஸ்டரோடு நிறுத்திக்கொள்கிற ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். முன்பு அங்கே ஸ்டால் போட்டவரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

தொடர்ந்து செய்கிற எண்ணம் இருந்தால், மத்திய அரசின் கைவினை ஆணையரகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பெஹ்சான் அட்டை என்பார்கள். அரசுக் கண்காட்சிகளில் ஸ்டால் கேட்க அது உதவும். எல்லாப் பொருளிலும் விலையை எழுதி ஒட்டுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

பிடித்தது விற்றுப்போய்விட்டது. ஆர்டர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். அளவு, நிறம், தேதி மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டுப் பாதிப் பணம் முன்பணம் கொடுங்கள். மெருகின் நிறம் சூளைக்குச் சூளை கொஞ்சம் மாறும், 'அந்தப் போட்டோவில் இருந்த அதே நீலம்' என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. பார்சலில் அனுப்பச் சொல்வதை விட, வில்லியனூரோ வண்டிப்பாளையமோ, ஒரு நடை நேரில் போய் எடுத்து வருவது நல்லது. உடைகிற பயம் இல்லை, அடுக்கில் இருக்கிற மற்றதையும் பார்க்கலாம். கார்த்திகைக்கு முந்தைய வாரங்களில் மட்டும் ஆர்டரோடு போகாதீர்கள். அப்போது மண் வேலை செய்கிற வீடு முழுக்க அகல் விளக்குதான் காயும், உங்கள் பூச்சாடியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.